சத்தம் பார்க்கிற வேலை

2012ஆம் ஆண்டில் எங்கள் மாமாவுக்குக் கிடைத்த வேலையைப் பற்றி நான் வகுப்பில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. சத்தம் வராமல் பார்க்கிற வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. படகில் வந்தவர். வந்ததும் நேரே எங்களிடம் வரவில்லை. அரசாங்கம் பதினாறு மாதம் ஒரு தீவில் வைத்திருந்து விட்ட பிறகுதான் சிட்னியில், கிரவீனில் எங்கள் வீட்டு முன் அறைக்கு வந்து சேர்ந்தார். தீவு என்றால் மணலும் நீச்சலும் என்று நினைத்து நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன். அந்த இடத்தைப் பற்றிக் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். நல்ல இடங்களைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நச்சரிக்கும், அதனால்தான் சொல்லவில்லை என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மாமாவிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. விடிந்ததும் பின்வளவுக்குப் போய், உடுப்புக் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில், முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் செய்ய மாட்டார். குசினி யன்னலால் அம்மா "தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருவார். நான் அவரைப் போல நின்று காட்டி அப்பாவைச் சிரிக்க வைப்பேன். அப்பா ஒரு நாள் சிரிக்காமல் என்னை முறைத்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

சிட்னி நகருக்குள் ஒரு பழைய மண்டபத்தை ஒலிப்பதிவு ஸ்ரூடியோவாக மாற்றியிருந்தார்கள். மாமா அங்கே துப்புரவு வேலைக்குத்தான் சேர்ந்தார். ஒலிப்பதிவு நாட்களில் மட்டும் அவருக்கு இந்த இரண்டாவது உத்தியோகம். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்த வேண்டும். சுடுதண்ணிக் கேத்திலின் வயரைக் கழற்ற வேண்டும். சப்பாத்து இல்லாமல் காலுறையோடு நடக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய வேலை, கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்துக்கு வந்து கூச்சல் போடும் வெள்ளைக் காக்கட்டூக் கிளிகளை விரட்டுவது. அதுவும் சத்தம் போடாமல் விரட்ட வேண்டும். மாமா அதற்குக் குடை ஒன்று வைத்திருந்தார். மரத்தடியில் நின்று அதை விரித்து விரித்து மடக்குவார்.

ஜூலை விடுமுறையில் ஒரு நாள் என்னைப் பார்த்துக்கொள்கிற அன்ரிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அம்மாவுக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை, அப்பாவுக்குத் தொழிற்சாலையில். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அம்மாவுக்கு விருப்பமில்லை. மாமாவின் விசா வழக்குக்கு வேலைக் கடிதம் ஒன்று வேண்டும் என்று லோயர் கேட்டிருந்தார். அதை வெள்ளிக்கிழமை தருவதாக ஸ்ரூடியோ மனேச்சர் சொல்லியிருந்தார்.

"இவள் அங்க வந்து ஏதும் குழப்படி செய்தால் கடிதமும் போச்சு, வேலையும் போச்சு" என்றார் அம்மா.

"அவள் இருப்பாள் அக்கா. நான் பாக்கிறன்" என்றார் மாமா.

பெண்டில் ஹில் ஸ்ரேஷனில் வைத்தே மாமா என்னைச் சோதனை போட்டார். கொலுசைக் கழற்றி லேஞ்சியில் சுற்றித் தன் பொக்கற்றில் வைத்தார். சரசரக்கும் மழைக்கோட்டுக்குப் பதிலாகத் தன் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டார். "இருமல் வந்தால் என்ன செய்வாய், பிள்ளை?" என்று கேட்டார். விழுங்குவேன் என்றேன். "தும்மல்?" அதையும் விழுங்குவதாக வாக்குக் கொடுத்தேன்.

அங்கே பதிவு செய்துகொண்டிருந்தது ஒரு பழைய ஜெர்மன் ஒபரா. பேச்சைவிடப் பாட்டாலேயே கூடுதலாக நடத்துகிற நாடகம், எங்கள் கூத்து மாதிரி. காலையில் நான் கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்கிற பெண்ணின் பக்கத்தில் இருந்தேன். அவர் பிஸ்கட் தந்து கதை சொன்னார். ஒருவனை அநியாயமாகச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். அவன் மனைவி ஆண் வேடம் போட்டு அதே சிறைக்கு வேலைக்குப் போகிறாள். இருநூறு வருடப் பழைய கதை என்றும், எத்தனையோ தரம் பதிவு செய்தாயிற்று என்றும் சொன்னார். பிறகு ஏன் மறுபடி என்று கேட்டேன். நேற்றுச் சாப்பிட்டாய்தானே, இன்றைக்கு ஏன் பிஸ்கட் என்று சிரித்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறுபது எழுபது பேர் வாத்தியங்களோடு இருந்தார்கள். நடுவில் ஒரு சின்னக் கோலை ஆட்டி அவர்களை நடத்திய ஜெர்மன்காரக் கிழவருக்குக் கோல்காரர் என்று பெயர் வைத்தேன். மனைவியாகப் பாடுகிறவர் ஒரு பருத்த பெண். சாதாரணக் கம்பளிச் சட்டை, கையில் தேநீர்க் குடுவை. பிளாக்டவுன் கடையில் மரக்கறி வாங்க வந்தவர் போல நின்றார். வாயைத் திறந்தார். ஒரு மனித உடம்புக்குள் இவ்வளவு பெரிய குரல் எங்கே மடிந்து கிடந்தது என்று நான் பிஸ்கட்டை வாயில் வைத்தபடி கடிக்க மறந்து இருந்தேன்.

பின்னேரம் காற்று எழும்பியது. பக்கக் கதவு அடிக்கத் தொடங்கியதால், மரத்தடியில் நின்ற மாமாவை உள்ளே கூப்பிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். கல்லுப் போல இருப்பேன் என்று கெஞ்சி, நானும் அவர் காலடியில் நிலத்தில் போய் இருந்துகொண்டேன். அடுத்தது ஆண்கள் சேர்ந்து பாடும் பகுதி. அந்த ஒலிப்பதிவுப் பெண் எனக்கு அதையும் சொல்லியிருந்தார்: அவர்கள் கைதிகள், நிலத்துக்குக் கீழே அடைபட்டவர்கள், கொஞ்ச நேரம் முற்றத்துக்கு விடுகிறார்கள். மாமா காலையிலிருந்து வெளியே குடையோடு நின்றதால் அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, வாய் திறக்கக் கூடாதே.

சிவப்பு விளக்கு எரிந்தது. வாத்தியங்கள் கேட்டும் கேட்காமலும் தொடங்கின. ஆண்களில் இரண்டு மூன்று பேர் மட்டும் மெதுவாக எடுத்தார்கள். பிறகு இன்னும் சிலர். நாற்பது ஆண்கள் இவ்வளவு மெல்லமாகப் பாடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. மூச்சு விடவும் பயமாக இருந்தது. பாட்டு ஏறி, ஓர் இடத்தில் நின்றது.

அந்த இடத்தில் எனக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"ஆகா..."

எங்கள் மாமா.

அதற்கு முந்தின மாதம் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் நாதஸ்வரக்காரருக்கு முன்னால் இருந்து, தொடையில் தாளம் போட்டபடி இவர் இதே போல ஆகா சொன்னார். அதைக் கேட்டு அந்த மனிதர் இவர் பக்கம் திரும்பி இன்னும் அரை மணி நேரம் ஊதித் தள்ளினார். கோயிலில் அது மரியாதை. இங்கே சிவப்பு விளக்கு அணைந்து, எழுபது வாத்தியக்காரரும் நாற்பது பாடகரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மனேச்சர் முகம் சிவக்க எழுந்து வந்தார். மாமா கதவை விட்டுவிட்டுக் கைகளைக் கூப்பினார். "சொறி சேர், சொறி சேர்" என்பதற்கு மேல் அவருக்கு இங்கிலிஷ் வரவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமைக் கடிதம் ஞாபகம் வந்து அழுகை முட்டியது. கொலுசையும் மழைக்கோட்டையும் பறித்த மனிதர் இப்படிச் செய்வாரா என்று கோபமும் வந்தது.

கோல்காரர் கையை உயர்த்தி மனேச்சரை நிறுத்தினார். இவர் சொன்னது என்ன என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்து நின்று, எங்கள் கோயிலில் வாசிப்பு மிக நன்றாக இருந்தால் அப்படிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வாசிப்பவர் மனம் உடைந்துவிடும் என்று இங்கிலிஷில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கிழவர் மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, மறுபடி பாடுகிறோம், விளக்கு அணைந்த பிறகு அவர் தாராளமாகச் சொல்லலாம் என்றார்.

மறுபடி பாடினார்கள். மாமா ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மறு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இந்த முறை பாட்டு கடைசி வரைக்கும் போனது. சிவப்பு விளக்கு அணைந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பி மாமாவைப் பார்த்துக் காத்திருந்தது. கோல்காரரும் கோலை இறக்காமல் காத்திருந்தார்.

மாமாவால் சொல்ல முடியவில்லை. கன்னம் முழுக்க நனைந்திருந்தது. வாயில் இருந்த கையையும் எடுக்கவில்லை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை பேரைக் காக்க வைக்கலாமா என்று நானே உரத்து "ஆகா" என்றேன். வயலின்காரர்கள் கைதட்டுவதற்குப் பதிலாக வில்லால் தட்டினார்கள். பருத்த பெண் தன் கம்பளிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

ரயிலில் திரும்பி வந்தோம். பரமற்றா தாண்டிய பிறகு மாமா என் கொலுசைப் போட்டுவிடக் குனிந்தபடி கேட்டார்.

"அந்தப் பாடின ஆம்பிளையள் சிறையில இருக்கிற மறியல்காரர்தானே, பிள்ளை?"

"ஓம். ஹவ் டு யூ நோ?"

"கொஞ்ச நேரம் வெளிய விட்டவங்கள், என்ன?"

"யெஸ். மாமா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். "அப்பிடி மெல்லமாத்தான் பாடுவினம்."

ஒரு சொல் இங்கிலிஷ் பேசத் திணறுகிற மனிதர் இவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் அதை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாரே என்று அவரை முதன்முதலாகப் பயபக்தியோடு பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மிகவும் அமைதியான ஊழியர் என்று மனேச்சர் எழுதியிருந்தார். அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். மாமா பின்வளவில் வெயிலில் நின்றார். அன்றைக்குத் தேத்தண்ணி ஆறியும் அம்மா அவரைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் ஒபராவின் இறுவட்டு தபாலில் வந்தது. மாமா அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தார், ஒரு நாளும் போட்டுக் கேட்கவில்லை.

அந்த ஜூலை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள், ரீச்சர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி ஏதாவது வீட்டுப் புதினம் சொல்லச் சொன்னார். எங்கள் மாமாவுக்கு ஜெர்மன் தெரியும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எங்கே படித்தார் என்று ரீச்சர் கேட்டார்.

தீவில் படித்தார் என்றேன்.