ஒன்பதாம் எண் புத்தகம்

லொரெய்ன் ஸ்டூக்கிக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது அவள் மேசை மேலிருக்கும் ஸ்டேப்லர்தான். இரும்பில் செய்த பழைய காலத்துச் சாமான். இருபத்தேழு வருடமாகப் பதினான்காம் அறையில் அதைத் தூக்கித் தூக்கி மேசையில் போட்டுத்தான் அவள் பாடம் நடத்தியிருக்கிறாள். ஏப்ரல் மாதத்தின் அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒரு பிள்ளைகூட வராத வெற்று வகுப்பில் அவள் போட்ட போட்டில், ஸ்டேப்லரின் மேல்பாதி கழன்று ஜன்னலோரம் போய் விழுந்தது. அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை.

காரணம் டெலியா வோய்சிக்கின் கட்டுரை. கடைசி வருடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு இலக்கிய வகுப்பு உண்டு. கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதத்தில் தேர்வு எழுதுவார்கள். இந்த வருடம் பதினான்கு பேர். அதில் லொரெய்ன் மனசுக்குள் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தது டெலியாவை. ஊருக்கு வெளியே அறுபது மாடு வைத்துப் பால் கறக்கிற ராய் வோய்சிக்கின் மகள். விடியற்காலை நாலரைக்குப் பால் கறந்துவிட்டு, தலைமுடியில் வைக்கோல் ஒட்டியது தெரியாமல் வகுப்புக்கு வந்து உட்காருவாள். மாநிலப் பல்கலைக்கழகம் முழுக் கட்டணச் சலுகையோடு அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. வோய்சிக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிற முதல் ஆள் அவள்தான்.

வகுப்பில் நடந்துகொண்டிருந்தது ஒரு குறுநாவல். தொண்ணூற்றாறு பக்கம், நூறு வருடத்துக்கு முந்தையது. டோர்க்கஸ் என்ற வேலைக்காரப் பெண் ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறாள். பனிக்காலத்தில் ஒருநாள் வைக்கோல் கொட்டகை எரிந்துபோகிறது. வீட்டார் கூடிப் பேசி, அவள்தான் கொளுத்தினாள் என்று முடிவு கட்டி, கொட்டுகிற பனியில் அவளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் யார் கொளுத்தியது என்று நாவலாசிரியர் கடைசிவரை சொல்வதில்லை. கொளுத்தியது யார் என்பதுதான் கட்டுரைக்கான கேள்வி.

டெலியா தன் கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாள்: 'தீ வைத்தது டோர்க்கஸ் அல்ல, அவளை ஒரு வார்த்தை கேட்காத அந்த வீட்டின் மௌனம்தான்.'

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து திருத்தும்போதே லொரெய்னுக்கு அந்த வரி இடறியது. நல்ல வரி. ரொம்ப நல்ல வரி. பதினேழு வயசுப் பெண்ணுக்கு இப்படி வருமா? எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தாள். பிள்ளைகள் காப்பியடிக்கவென்றே ஒரு இணையதளம், அதில் இதே குறுநாவலுக்குக் குறிப்புகள், அதில் எழுத்து மாறாமல் அதே வரி. அவளுக்குக் காது மடல் சுட்டது.

போன வருடமும் இப்படி இரண்டு பேர் மாட்டினார்கள். இரண்டு பேரும் கூடைப்பந்து அணி. தலைமையாசிரியர் கர்ட் லிண்ட்மன் சிரித்துக்கொண்டே, "சின்னப் பசங்க லொரெய்ன், சீசன் நடுவுல எதுக்கு?" என்று தோளைத் தட்டி முடித்துவிட்டார். இனி ஒருத்தரையும் விடுவதில்லை என்று அன்றைக்கே அவள் சபதம் எடுத்திருந்தாள். அந்தச் சபதத்தில் வந்து விழுந்தது டெலியாவின் தலை. நம்பாத பிள்ளை ஏமாற்றினால் எரிச்சல் வரும். நம்பின பிள்ளை ஏமாற்றினால் வயிறே எரியும்.

கட்டுரையின் மேல் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டாள். நேர்மைக் குறைவைப் பதிவு செய்யும் மஞ்சள் படிவத்தை எடுத்தாள். பெயர், தேதி, குற்றம், ஆதாரம் எல்லாம் எழுதினாள். கீழே 'மாணவரின் விளக்கம்' என்று ஒரு பெரிய கட்டம். அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரே கோடு இழுத்தாள். என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கிறது? முதல் மணி அடிப்பதற்குள் படிவம் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

இந்தக் குறுநாவலுக்காக லொரெய்ன் செய்யாததில்லை. சீஸ் ஆலைத் தொழிலாளியின் மகள். ஹோட்டலில் தட்டுக் கழுவிப் படித்தவள். வேலைக்கு வந்த மறு வருடமே, மளிகைக் கடை வாசலில் பிள்ளைகளோடு நின்று சாஸேஜ் இறைச்சி வறுத்து விற்று, முப்பது பிரதி வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, முன் அட்டைக்குள் முத்திரை குத்தினாள். பெயர், வருடம், புத்தகத்தின் நிலை என்று மூன்று கட்டம். வருடா வருடம் புத்தகம் கைமாறும்போது பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். புத்தகம் கொடுக்கிற நாளில் அலமாரியை நோக்கி ஒரு ஓட்டப் பந்தயமே நடக்கும். குறிப்பாக ஒன்பதாம் எண்ணுக்கு அடிதடி. கதை மேல் இத்தனை ஆசையா என்று அவளுக்குப் பெருமை தாங்காது.

பவுலிங் அரங்கம் நடத்துகிற கோர்டியோடு ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தினாள். பிரிந்து போகும்போது அவன் சொன்னது ஊருக்கே தெரியும். "லொரெய்ன், நீ கேள்வி கேக்கறதே பதிலை நீயே சொல்றதுக்குத்தான்." அவனுக்கு என்ன தெரியும், உருளுகிற பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு, என்று அவள் அதை அப்போதே தூசி தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தாள். டெலியா பூஜ்யத்தைப் பார்த்தாள், லொரெய்னைப் பார்த்தாள். கை தூக்கினாள்.

"மிஸ் ஸ்டூக்கி, இது என்னன்னு..."

"என்னன்னு உனக்கே தெரியும். கையைக் கீழ போடு."

டெலியா கையைப் போட்டாள். மணி அடிக்கும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று லொரெய்ன் முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் ராய் வோய்சிக் தொழுவத்து பூட்ஸோடு பள்ளிக்கு வந்தார். அலுவலகத்தின் சாம்பல் நிறக் கம்பளத்தில் அவர் நடந்த இடமெல்லாம் தடம்.

"எம்பொண்ணு மாட்டுக்கிட்டகூடப் பொய் சொல்ல மாட்டா. அவளத் திருடின்னு எழுதியிருக்கீங்க. யாரு எழுதினாங்களோ அவங்க என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

புதன்கிழமை மூன்று மணிக்கு லொரெய்ன், ராய், டெலியா மூவரும் தலைமையாசிரியர் அறையில் கூடினார்கள். லொரெய்ன் இணையதளப் பக்கத்தை அச்செடுத்து, அந்த வரியை மஞ்சள் பேனாவால் தீட்டிக்கொண்டு வந்திருந்தாள். லிண்ட்மன் வழக்கம்போல இரண்டு பக்கமும் சிரித்தார்.

"போன வருஷம் மாதிரி இதையும் சிரிச்சே மழுப்பிடாதீங்க கர்ட்," என்றாள் லொரெய்ன். "பந்து போடற பையன்னா ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னு ஆக்கி வெச்சது நீங்கதான். நான் இன்னிக்கு விடப் போறதில்ல."

"அப்போ என்மேல காட்டுறது அந்தப் பசங்க மேல இருக்கற கோவமா?" என்றாள் டெலியா.

 பையிலிருந்து குறுநாவலை எடுத்து மேசை மேல் வைத்தாள். அட்டையில் ஒன்பது. தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தைப் பிரித்துத் திருப்பினாள். ஓரத்தில் பென்சிலில், மங்கிப் போன குண்டு குண்டு எழுத்தில் இருந்தது: தீ வைத்தது டோர்க்கஸ் அல்ல, அவளை ஒரு வார்த்தை கேட்காத அந்த வீட்டின் மௌனம்தான்.

"நான் எந்த வெப்சைட்டையும் பாக்கல. எங்க வீட்ல இன்டர்நெட்டு ஒழுங்கா வந்தாத்தானே. இதுலேர்ந்து எடுத்தேன்."

"யாரு எழுதினது அது?" என்றாள் லொரெய்ன்.

டெலியா முன் அட்டையைத் திறந்தாள். முத்திரைக் கட்டத்தில் வரிசையாகப் பெயர்கள். அந்தக் குண்டு எழுத்து மேலிருந்து ஐந்தாவது: பமேலா ஷ்ரோடர், 2003, நிலை நன்று.

லிண்ட்மனின் சிரிப்பு முதல் முறையாக நின்றது. கதவைத் திறந்து வெளியே கூப்பிட்டார். "பாம், கொஞ்சம் வாங்க."

பாம் ஷ்ரோடர் பள்ளி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகக் குமாஸ்தா. மஞ்சள் படிவத்தை வாங்கிக் கோப்பில் சேர்த்ததே அவள்தான். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"அட, என் எழுத்து! அப்பல்லாம் இவ்வளவு குண்டாவா எழுதினேன்?"

"இந்த வரி உனக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?" என்று கேட்டாள் லொரெய்ன்.

பாம் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கதானே மிஸ் சொன்னீங்க. கடைசி அத்தியாயத்தை நின்னுக்கிட்டே படிச்சு முடிச்சு, ஸ்டேப்லரால மேசையில டொம்முனு ஒண்ணு போட்டு, 'எழுதிக்கோங்க'ன்னு. அந்தக் காலத்துல வருஷா வருஷம் சொல்வீங்களே. என் தம்பி வகுப்புலயும் சொன்னீங்க. யாரோ ஒரு பய அதைக் கொண்டுபோய் வெப்சைட்டுல போட்டிருப்பான்."

 எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை லொரெய்னுக்குப் பட்டதே, அது தன் வாயிலிருந்து தன் காதே கேட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். லொரெய்னுக்குத் தன் குரலே தெரியாமல் போயிருந்தது. அப்போதும் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"இருக்கலாம். யார் சொன்னதுன்னு குறிப்பிட்டிருக்கணுமில்ல? அதுதானே நேர்மை?"

"உங்க பேரைப் போட்டு உங்ககிட்டயே குடுக்கணுமா?" டெலியா எழுந்துவிட்டாள். "மிஸ், ஒம்பதாம் நம்பர் புக்குக்கு எதுக்கு அடிச்சுக்கறாங்கன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? நீங்க சொன்னது பூரா அதுல இருக்கு. அதை எழுதினா முழு மார்க். சொந்தமா எழுதினா 'யோசனை போதாது'ன்னு சிவப்புல வரும். இந்த ஊர்ல ஆறாங்கிளாஸ் பையனுக்குக்கூடத் தெரியும்."

பாம் தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையே, ஆமாம் என்றது.

"சரி," என்றாள் லொரெய்ன்.  "கர்ட், படிவத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

"அது திங்கக்கிழமையே யுனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு லொரெய்ன். இடம் கிடைச்ச பிள்ளைங்க மேல படிவம் வந்தா உடனே அங்க அனுப்பணும்னு விதி. போன வருஷமே நீங்கதானே சீசன் கீசன்னு எதையும் பாக்கக் கூடாதுன்னீங்க."

ராய் வோய்சிக் எழுந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மகளோடு வெளியே போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் லொரெய்னுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை முழுக்க அவள் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். நாலு பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பெண் கறாராகச் சொன்னாள். ஆசிரியை தப்பு தன்னுடையது என்று எழுதித் திருத்திய படிவம் அனுப்பலாம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. "இன்னொண்ணு மேடம். போன தடவை மாணவர் விளக்கம்கிற கட்டத்துல வெறும் கோடு போட்டிருக்கீங்க. அது காலியா இருந்தா எடுத்துக்க மாட்டோம். நீங்க அந்தப் பொண்ணைக் கேக்கவேயில்லையா?"

லொரெய்ன் போனை வைத்தாள். திங்கட்கிழமை பொறுக்கி வைத்த ஸ்டேப்லர் இரண்டு துண்டாக மேசை மேல் கிடந்தது. எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். இருபத்தேழு வருடமாக அவள் மேசையைத் தட்டித் தட்டித் திட்டியது, டோர்க்கஸை ஒரு வார்த்தை கேட்காத அந்த வீட்டாரைத்தான். அவர்களாவது கூடிப் பேசி முடிவு கட்டினார்கள். இவள் தனியாகவே முடிவு கட்டிவிட்டாள். தன்மேல் வந்த கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. அதற்கும் சேர்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

டெலியா அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் புதிய மஞ்சள் படிவத்தை எடுத்துக்கொண்டு லொரெய்ன் பண்ணைக்குப் போனாள். உருகிய பனியில் முற்றம் சேறாகிக் கிடந்தது. வகுப்புக்குப் போடுகிற செருப்பு கணுக்கால்வரை புதைந்தது. தொழுவத்துக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. டெலியா ஒவ்வொரு மாடாக மடியைத் துடைத்து, கறவைக் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். வேலையை நிறுத்தவில்லை.

"டெலியா, தப்பு என்னோடது. உன்னைக் கேக்காம எழுதிட்டேன். மன்னிச்சுடு."

டெலியா குழாயைக் கழற்றினாள். அடுத்த மாட்டுக்கு நகர்ந்தாள். லொரெய்னும் சேற்றுச் செருப்போடு பின்னாலேயே நகர்ந்தாள். அப்படியே ஆறு மாடு ஆயிற்று.

"இந்தக் கட்டத்துல உன் விளக்கம் எழுதணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பணும். நீ சொல்லு, சொல்றபடியே எழுதறேன்."

"புக்குல இருந்துச்சு, எடுத்தேன். எடுத்தா மார்க் வரும்னு எடுத்தேன். அவ்வளவுதான் விளக்கம்."

லொரெய்ன் சுவரில் தாளை வைத்து, சொன்னதை அப்படியே எழுதினாள். கட்டத்தில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. பேனாவை மூடப்போனவள் மூடவில்லை.

"கொட்டகையக் கொளுத்தினது யாருன்னு நீ நெனக்கிற?"

டெலியா நிமிர்ந்தாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.

"இப்பக் கேக்கறீங்களா?"

"இப்பத்தான் கேக்கறேன்."

"டோர்க்கஸ்தான் கொளுத்தினா." பால் இழுக்கிற சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள். "மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவ கையில நெருப்புப் பெட்டி இருந்துச்சு, அவதான் வெச்சா. பதினோரு வருஷம் அந்த வீட்டு மாட்டக் கறந்திருக்கா. நீங்க பாவம் பாவம்னு அவ கையிலேர்ந்து அந்தத் தீயையும் புடுங்கிட்டீங்க. திங்கக்கிழமை என் கையில ஒரு தீப்பெட்டி இருந்திருந்தா உங்க பதினாலாம் ரூமுக்கு நானே வெச்சிருப்பேன். இதையும் எழுதிக்கோங்க."

லொரெய்ன் எழுதினாள். தீப்பெட்டி, பதினான்காம் அறை, ஒன்றையும் விடாமல் எழுதினாள். கட்டம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினாள்.