இரண்டு தீக்குச்சி

இடுப்பளவு வளர்ந்து காய்ந்துபோன புல் காற்றில் உரசும் சத்தத்தை எங்கே கேட்டாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இன்றும் பார்ப்பேன். எண்பதுகளின் நடுவில், நான் எட்டாவது படித்தபோது, திண்டிவனத்திலிருந்து எங்களைச் சாரணியர் முகாமுக்கு அழைத்துப்போய், வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் அடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். பங்குனி வெயில். காற்று ஒரு பக்கமாக நிற்காமல் காலையிலிருந்தே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் பரீட்சை. இரண்டு பேருக்கு இரண்டே தீக்குச்சி. காகிதம், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்ச வேண்டும். என் ஜோடி செல்வி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் போடுகிற வீட்டுப் பெண். அவளை அனுப்ப அவள் அப்பாவுக்கு மனமே இல்லை. பஸ் ஏற்றிவிடும்போது, எங்கள் எல்லார் காதிலும் விழும்படி, "ஏதாச்சும் பேஜாருன்னு சேதி வந்துச்சி, அத்தோட படிப்பு நின்னுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வி சிரித்துக்கொண்டாள். ஆனால் முகாமில் அவள் தண்ணீரைக்கூடச் சிந்தாமல்தான் குடித்தாள்.

நானோ சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும்; அதைவிட முக்கியம், அடுப்பில் வைக்கும் ஒவ்வொரு விறகையும் தட்டி, உள்ளே பூச்சி எறும்பு இல்லை என்று பார்த்த பிறகே வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "தட்டிப் பாக்கறது". "ஒரு சீவன் வெந்தாலும் வெச்சவங்களுக்குத்தான் பாவம்" என்பார் அம்மா. அன்றும் சுள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். செல்வி பொறுமையாகக் காத்திருந்தாள்.

டீச்சர் அடுப்புக்குக் காட்டியது மொட்டைப் பாறை. அதன் விரிசலிலிருந்து எறும்புகள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளை முட்டை. நான் அடுப்புக்கல்லைத் தூக்கிக்கொண்டு புல்லோரம் போனேன்.

"வேணாண்டி. டீச்சர் பாறை மேலதான் மூட்டச் சொன்னாங்க. புல்லு காஞ்சிக்கினு கெடக்குது, காத்து வேற ஒரு தினுசா அடிக்குது," என்றாள் செல்வி.

"அப்ப எறும்ப நீயே கொளுத்து. நான் சாப்புடாமலே படுத்துக்கிறேன்," என்றேன். நல்லவளாக இருப்பதில் எனக்கு அந்த வயதில் அவ்வளவு திமிர்.

முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதற்குச் செல்வி பாவாடையை விரித்து மறைத்து நிற்க, நான் காய்ந்த பனை நாரில் வைத்து ஊதினேன். பற்றிக்கொண்டது. சந்தோஷத்தில் கையைத் தட்டினேன். அதற்குள் காற்று திரும்பிவிட்டது. நாங்கள் புல்லைப் பிடுங்கி ஒதுக்கியிருந்த ஒரு முழ இடம் நெருப்புக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. படபடவென்று வெடித்துக்கொண்டு சரிவு முழுக்க மேலே ஏறியது. எல்லாரும் வேப்பங்கொத்தை ஒடித்து அடித்துப் பார்த்தோம். எங்களால் அணைக்க முடியவில்லை; உச்சிப் பாறை வந்ததும் தானாக நின்றது. கரிந்த புல்லுக்குள், முட்டைகள் மேல் உட்கார்ந்தபடியே ஒரு கௌதாரி வெந்து கிடந்தது. அதை முதலில் பார்த்தது நான்தான்.

டீச்சர் எங்கள் இருவரையும் தனியே நிறுத்தினார். "பாறைய உட்டுட்டு இங்க மூட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை, நானே சொல்வேன் என்று காத்திருந்தாள். அவள் அப்பா பஸ்ஸுக்குக் கீழே நின்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சமண வீட்டுப் பெண் இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று டீச்சருக்கு நம்பிக்கை. என்னிடம் இரண்டு வாழைப்பழத்தைக் கொடுத்து, "பொழுது எறங்கறதுக்குள்ள சாப்புடு" என்றார். செல்வி வீட்டுக்குச் சேதி போனது. அந்தப் பழத்தை நான் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் இடம் காலியாக இருந்தது. அதன் பிறகு அவள் வரவே இல்லை.

இப்போது அந்தக் குன்றில் பாதி கிடையாது. கல்குவாரிக்காரர்கள் உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். புல்லும் இல்லை, கௌதாரியும் இல்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் செல்வியைப் பார்த்தேன். பழைய கதையை அவள் எடுக்கவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை. ஏதோ தையல் பயிற்சிக்கான விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்து, "நீதான் எழுதறவளாச்சே, இத்த கொஞ்சம் ரொப்பிக் குடேன்" என்று நீட்டினாள். பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிவிட்டு, படிப்பு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "எட்டாவதா?" என்று கேட்டேன்.

"எட்டு எங்க முடிச்சேன்? ஏழுன்னே போடு," என்றாள்.

போட்டேன்.