பின்வாசல் வழியாகக் கேட்ட ஓட்டு

என் வீட்டுக்காரர் காலமானபோது கட்சிக்காரர்கள் ஒரு நினைவு மலர் போட்டார்கள். அவர் படத்துக்குக் கீழே ‘பெண் கல்விக்கு உழைத்த பெருமகன்’ என்று அச்சடித்திருந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதை எழுதினது யாரு? என்னை ஒரு வார்த்தை கேக்கப்படாதா?” என்றேன். மலரைக் கொண்டுவந்தவர், நான் துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார். துக்கமாவது, மண்ணாவது.

அவர் சட்டசபைக்குப் போனது ஒரே ஒரு தடவை, ஐம்பதுகளின் பின்பாதியில். அந்த ஒரு தடவையும் யாரால் போனார் என்று மலரில் ஒரு வரி கிடையாது.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி முஸ்லிம் நெசவாளர்கள் குடியிருந்தார்கள். ஆண்களிடம் வாசலில் நின்று ஓட்டுக் கேட்டுவிடலாம். பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். பின்பக்கச் சந்து வழியாக, காயப்போட்ட சாய நூலுக்குக் கீழே குனிந்து, பெண்தான் உள்ளே போக வேண்டும். “ஏட்டி, அங்கன நீ போனாத்தான் காரியம் நடக்கும்” என்றார் என் வீட்டுக்காரர். போனேன். அதுவரை நான் கோயிலுக்குத் தவிர எங்கேயும் தனியாகப் போனதில்லை.

அங்கே ஒரு வீட்டில் பெண்கள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருக்க, ஒரு சிறுமி நடுவில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாள். தட்டுத் தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அப்படி ஒரு வாசிப்பு. ஐந்தாம் வகுப்பு முடித்ததோடு வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். அவள் உம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பெரிய பள்ளிக்கூடத்துல பூராவும் ஆம்பளைப் பயலுவ. இங்கன பக்கத்துல பொம்பளைப் பிள்ளைகளுக்குன்னு ஒண்ணு வந்தா இவ வாப்பா அனுப்புவாக. உங்க வீட்டுக்காரர் கொண்டாருவாகளாக்கா?”

நானாக எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன். “தாராளமா சொல்லு. ஜெயிச்சா மொத வேலை அதுதான்” என்றார். மறுநாளே போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்குப் பள்ளிக்கூடம் வருது, நான் பொறுப்பு” என்றேன். அப்போதெல்லாம் தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு சின்னம் ஒட்டிய ஓட்டுப்பெட்டி. அந்தத் தெருப் பெண்கள் அவர் பெட்டியாகப் பார்த்துப் போட்டார்கள். ஜெயித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பிழைப்பு குற்றாலத்துப் பிழைப்பாகிவிட்டது. சாரல் தொடங்கினால் போதும், சென்னையில் பதவியில் இருக்கிற அத்தனை பேருக்கும் உடம்பு சூடு. பங்களா பிடித்துக் கொடுப்பது, எண்ணெய் தேய்க்க ஆள் பார்ப்பது, ஐந்தருவிக்கு வண்டி அனுப்புவது எல்லாம் எம்.எல்.ஏ. பாடு. குளித்துவிட்டுக் கொலைப்பசியோடு வருகிறவர்களுக்கு ஆக்கிப் போடுவது என் பாடு. அருவியில் நின்ற நேரத்தில் பாதி நேரம் அவர் சட்டசபையில் நின்றிருந்தால் தொகுதிக்கு ஏதாவது கிடைத்திருக்கும். பள்ளிக்கூடம் என்னாச்சு என்று கேட்கும்போதெல்லாம், “எழுதியிருக்கேன், மெட்ராஸ்ல இழுத்தடிக்கான்” என்பார். நானும் அதை அப்படியே தெருவில் போய்ச் சொல்வேன்.

ஒரு சாரலில் ஒரு மந்திரி வந்திருந்தார். இலையில் சொதிக் குழம்பை ஊற்றிவிட்டு, ஒரு பக்கம் பயம் இருந்தாலும், கேட்டேவிட்டேன். “அய்யா, எங்க ஊருக்குப் பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கேட்டிருந்தாகளே, அதை எப்பத் தருவீக?”

மந்திரி நல்ல மனுஷர். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “அது போன வருஷமே கொடுத்தாச்சேம்மா. உங்க வீட்டுக்காரர்தானே இடத்தை மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார்?” என்றார்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அப்பளத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கிக்கொண்டிருந்தார்.

விருந்தாளி படுக்கப் போனதும் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் பல மைல் தள்ளி ஒரு பண்ணையாரின் ஊருக்குப் போயிருந்தது. பண்ணையார் நிலம் கொடுத்தாராம். தன் தாயார் பெயரை வைக்க வேண்டும் என்றாராம். “அந்தப் பக்கம் பூரா அவர் சொன்னாத்தான் ஓட்டு. இந்தத் தெருவுக்கு என்ன? நீ போய்க் கேட்டா போட்டுருவாளுக” என்றார். மூஞ்சியில் ஒரு வெட்கம் வேண்டுமே. நான் அடுக்களையில் வெந்து அவர் கௌரவத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். அவர் என் வாயை வைத்தே அந்தப் பெண்களை ஏமாற்றியிருக்கிறார்.

அடுத்த தேர்தல் வந்தது. இந்தத் தடவை தனித்தனிப் பெட்டி கிடையாது. ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் இருக்கும், பிடித்ததில் முத்திரை குத்த வேண்டும். “பொம்பளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கணும், போயிட்டு வா” என்றார். என்ன தைரியம் பாருங்கள். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு உண்மையைச் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அதே வீடு. பத்திரிகை வாசித்த பிள்ளை இப்போது ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கக்கா” என்று பாய் விரித்தாள். டீ வந்தது, முறுக்கு வந்தது. ஒருத்தியாவது பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஒருத்தியும் கேட்கவில்லை. அவள் உம்மா, “எங்கன குத்தணும்னு காட்டுங்கக்கா, குத்திருதோம்” என்றாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு ஒரு தாளில் எல்லாச் சின்னத்தையும் வரைந்து, கீழே அவரவர் பெயரையும் எழுதினேன். “இதுல எதுல வேணும்னாலும் குத்துங்க. ரெண்டுல குத்திராதீங்க, செல்லாது. உள்ள நீங்க என்ன செய்தீங்கன்னு உங்க வீட்டு ஆம்பளைகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றேன். அந்தப் பிள்ளை தாளை வாங்கி, சின்னங்களுக்குக் கீழே இருந்த பெயர்களை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினாள். அதே சுத்தமான வாசிப்பு. என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “நம்ம சின்னத்தைக் காட்டினியா?” என்றார்.

“எல்லாத்தையும் காட்டினேன். நீங்க செய்ததையும் சொன்னேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சமாளித்துக்கொண்டு, “சரி, இந்தத் தடவை ஜெயிச்சா கட்டாயம் கொண்டாந்துருதேன்னு போய்ச் சொல்லு” என்றார்.

“அந்தப் பிள்ளை மடியில பிள்ளையோட இருக்கா. இனிமே கொண்டாந்து யாரைச் சேக்கப் போறீங்க?”

“அந்தக் குழந்தையைச் சேத்தாப் போச்சு. அதுவும் பொட்டைப்பிள்ளைதானே?” என்று சிரித்தார். அது பெண் குழந்தை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. குத்துமதிப்பாக அடித்துவிட்டார்.

ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போய் அவர் சின்னத்தை நன்றாகப் பார்த்தேன். அடுத்த கட்டத்தில் அழுத்திக் குத்தினேன். அவர் தோற்றார்.

எண்ணி முடித்த அன்று சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். “எவ்வளவு செஞ்சேன் இந்த ஜனங்களுக்கு. நன்றி கெட்ட ஜனங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டோடு போனேன்.

“அந்த ஜனத்துல நானும் ஒருத்தி” என்று அவரிடம் டம்ளரை நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை. டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கப் போனேன்.