வாப்பா வழி வந்தது

கல்முனைக்குடியில் கலியாணப் பேச்சு ஒன்று தொடங்கினால், இரு வீட்டாரும் முதலில் எட்டிப் பார்ப்பது மைமூனாவின் குசினியைத்தான். அவள் தரகுகாரி அல்ல. ஆனால் ஊரின் குடிகள் அத்தனையும் அவள் தலைக்குள் இருந்தன. அந்தக் கரையில் குடி தாய் வழியாக வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி; ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. யாருடைய உம்மாவின் உம்மா எந்தக் குடி என்பதை, கையில் அறுத்துக்கொண்டிருக்கும் மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிடுவாள். நாற்பது வயது, மூன்று ஆண் பிள்ளைகள், தெருமுனை வரைக்கும் கேட்கும் சிரிப்பு.

நோயையும் அவள் குடியோடு சேர்த்தே வைத்திருந்தாள். அவளுடைய வாப்பா மீராமுகைதீனுக்கு மூன்று சகோதரிகள். இரண்டு பேரை மார்புப் புற்றுநோயும், இளையவளைச் சூலகத்தில் வந்த புற்றுநோயும் ஐம்பது வயதுக்கு முன்பே கொண்டுபோய்விட்டன. 

“அது வாப்பாட குடியில ஓடுற வருத்தம்கா. நான் உம்மாட குடி. எனக்கென்ன?” என்பாள் மைமூனா. ஊரும் அதைத்தான் நம்பியது.

அப்படி நம்பியதில் மாட்டிக்கொண்டவள் ஜெஸீமா. அந்த இளைய மாமியின் ஒரே மகள். மைமூனாவுக்கு மச்சி முறை. முப்பது வயது, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் டீச்சர். மைமூனாவுக்கு அவள் மீது உயிர். ஆனாலும் ஜெஸீமாவை யாராவது கேட்டு வந்தால், “நல்ல புள்ள, ஆனா...” என்று இழுத்துவிடுவாள். அந்த ‘ஆனா’வில் நாலு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது.

தொண்ணூற்றேழில் மருதமுனையிலிருந்து ஹாறூன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கைத்தறிச் சாரன் வியாபாரி.

“ராத்தா, ஜெஸீமா டீச்சரக் கேட்டு வந்த நான்.”

“நல்ல புள்ள தம்பி. ஆனா அந்தக் குடியில ஒரு வருத்தம் இரிக்கி. பொறகு என்னக் குத்தம் செல்லப்படா.”

“எங்கட வீட்டிலயும் எல்லாருக்கும் சீனி வருத்தம். அதுக்காக என்னக் கட்டமாட்டாவா டீச்சர்?”

மைமூனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தடவையாக, ‘ஆனா’ இல்லாமல் ஒரு சம்பந்தத்தை ஜெஸீமாவிடம் கொண்டுபோனாள். ஜெஸீமா கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“உம்மா மௌத்தாகக்குள்ள எனக்குப் பதினொரு வயசு மச்சி. தல பின்னிவிட ஆளில்லாம, ஒரு வருசம் முக்காட்டுக்குள்ள சிக்கோடதான் பள்ளிக்குப் போன நான். எனக்கும் அந்த வருத்தம் வந்தா, என்ட புள்ளைக்கும் அந்தக் கெதிதானே? எனக்குக் கலியாணம் வேணாம்.”

ஹாறூனைப் பிடிக்கவில்லையா என்று மைமூனா கேட்டாள். ஜெஸீமா சிவப்புப் பேனையை மூடினாள். “புடிச்சதாலதான் வேணாம் எண்டுறன்.”

மைமூனா வீட்டுக்கு வந்து அன்றைக்கு மீனைக் கருகவிட்டாள்.

அடுத்த வருடம் இங்கிலாந்திலிருந்து ஹிதாயா, மைமூனாவின் கூடப்பிறந்த ராத்தா, கோல் எடுத்தாள். டெலிபோன் இருந்தது மஜீட் காக்காவின் கொமினிகேசன் கடையில்; அங்கிருந்து ஆள் அனுப்பித்தான் மைமூனாவைக் கூப்பிட வேண்டும். லைன் இரைகிறது என்று இரண்டு பக்கமும் கத்தித்தான் கதைப்பார்கள். கடைக்கு வந்தவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

“மைமூனா, இரிந்துக்கிட்டா கதைக்காய்?”

“எங்க இரிக்கிற? கடையில ஒரு கதிரதான், அதில மஜீட் காக்கா இரிக்காரு!”

மஜீட் காக்கா வெட்கத்தோடு எழும்பினார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு தனக்கு மார்பில் கட்டி வந்ததையும், வெட்டி எடுத்து மருந்தும் முடிந்து இப்போது சுகமாக இருப்பதையும் ஹிதாயா சொன்னாள். ஊரில் எல்லாரும் பதறுவார்கள் என்று மறைத்திருந்தாளாம். இப்போது இரத்தம் சோதித்ததில், பரம்பரை அலகு ஒன்றில் பிறப்பிலேயே பிழை இருப்பது தெரிந்திருக்கிறது. அந்தப் பிழை இருந்தால் மார்பிலும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

“மூணு மாமிமாரையும் பாத்தா, இது வாப்பாட பக்கத்தால வந்ததுதான் எண்டுறாங்க.”

“ராத்தா, நாம உம்மாட குடியெலுவா!”

“இதுக்குக் குடி தெரியாதுடி. உம்மாட்ட பாதி, வாப்பாட்ட பாதி வாங்கித்தான் புள்ள உண்டாகுது. வாப்பாட பாதியில அந்தப் பிழ வரவும் செய்யலாம், வராம விடவும் செய்யலாம். ஒனக்கும் அப்படித்தான், ஜெஸீமாக்கும் அப்படித்தான். ரெண்டு பேரும் இரத்தம் குடுங்க.”

மைமூனா ரிசீவரை வைத்துவிட்டு, மஜீட் காக்கா விட்டுக்கொடுத்த கதிரையில் போய் இருந்தாள். இத்தனை வருடமும் ஜெஸீமாவின் வீட்டு வாசலில் நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் காட்டிய வருத்தம், தன் வீட்டுக்குள்ளும் இருந்திருக்கலாம். அன்று பின்னேரமே ஜெஸீமாவிடம் போனாள்.

“ஒனக்கு வந்த நாலு சம்பந்தத்தையும் தட்டிவிட்டது நான்தான் மச்சி. மன்னிச்சுப் பொருந்திக்க.”

“தெரியும்” என்றாள் ஜெஸீமா. “அதில ஒருத்தனுக்கு இப்ப ரெண்டு பொண்டாட்டி. நீங்க காப்பாத்தின.” இருவரும் அழுதார்கள், பிறகு அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

கொழும்பில் ஹிதாயா ஒழுங்கு செய்த லேடி டொக்டர் ஒருவர் இருவரின் இரத்தத்தையும் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். மறுமொழி வர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் ஹிதாயா வாரத்துக்கு இரண்டு தரம் கோல் எடுத்து, “பயப்பிடாதீங்க, பயப்பிடாதீங்க” என்று எல்லாரையும் பயப்படுத்தினாள். மீராமுகைதீன் வாப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். 

“நானாம்மா ஒங்களுக்கு இதத் தந்தன்?”

“இந்தப் பெரிய மூக்கையும் நீங்கதான் தந்த. அதுக்கு ஒரு நாளாவது கவலப்பட்டீங்களா?” என்று அவருடைய பீங்கானில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள் மைமூனா.

மறுமொழி வந்த நாள் இருவரும் ஒன்றாகவே போனார்கள். தனித்தனியாகத்தான் சொல்வேன் என்றார் டொக்டர். “எங்களுக்குள்ள ஒளிச்ச காலம் போதும், சேத்தே சொல்லுங்க” என்றாள் மைமூனா. டொக்டர் ஜெஸீமாவைப் பார்த்தார்.

“உங்களுக்கு அந்தப் பிழை இல்லை. மற்றப் பெண்களுக்கு எவ்வளவு ஆபத்தோ, உங்களுக்கும் அவ்வளவுதான்.” பிறகு மைமூனாவின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு இருக்கு.”

மைமூனா ஜெஸீமாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள். “அல்ஹம்துலில்லாஹ்! எழும்புடி, ஹாறூனுக்குக் கோல் எடுப்பம்!”

“நான் சொன்னது விளங்கினதா?” என்று டொக்டர் பதறினார்.

“விளங்கின டொக்டர். நானெண்டா மூணையும் பெத்து முடிச்சிட்டன். மூணும் ஆம்பிள, அவங்களுக்குப் பயமில்லதானே?”

“உங்கட வாப்பாவும் ஆம்பிளதான்.”

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் காத்திருக்கவும் தேவையில்லை: சூலகங்களை இப்போதே எடுத்துவிடலாம், மார்பை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சோதிக்க வேண்டும், மகன்மார் வளர்ந்த பிறகு அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பயம் வந்தது. மைமூனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்பாறை தாண்டும் வரை ஜெஸீமா அவளுடைய மற்றக் கையை விடவில்லை.

“மாமிமாருக்கு முன்னுக்கே ஆரும் சொல்லல்ல. ஒங்களுக்குச் சொல்லிட்டாங்க மச்சி.”

“ஓம்” என்றாள் மைமூனா. கொஞ்ச நேரத்தில், “இந்தப் பயணத்துக்கு ஒரு மஸ்கட் இனிப்புத் துண்டாவது வாங்கித் தாகா, பசிக்கிது” என்றாள்.

ஒரு மாதத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. எடுத்த சூலகங்கள் சுத்தமாக இருந்தன. மைமூனா நிமிர்ந்து நடக்கும் வரை திகதி வைக்கக் கூடாது என்று ஜெஸீமா ஒரே பிடி. ஹாறூன் வாராவாரம் மீனும் இளநீரும் கொண்டுவந்து, “ராத்தா, எப்ப நிமிருவீங்க?” என்று கேட்டுவிட்டுப் போவான்.

கலியாணத்தன்று ஜெஸீமாவின் வாப்பா இரண்டு சாட்சிகளோடு மணப்பெண்ணின் அறைக்கு வந்தார். சம்மதமா என்று கேட்கும் அந்தக் கேள்விக்குப் பெண் குனிந்திருப்பாள். பெண்கள் சுற்றிநின்று “செல்லு புள்ள, செல்லு” என்று கெஞ்சுவார்கள். மூன்றாம் தரம்தான் வாய் அசையும். ஊர் வழமை அது.

“மகள், மருதமுனை ஹாறூனுக்கு உன்ன...” என்று அவர் தொடங்கினார்.

“ஓம் வாப்பா!” என்றாள் ஜெஸீமா, வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில்.

வெளியில் பந்தல் வரை கேட்டுவிட்டது. ஆண்கள் பக்கம் யாரோ சிரிக்க, பெண்கள் குரவை போட, தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு மைமூனா கட்டிலில் சாய்ந்தாள். 

“சிரிக்க வைக்காதடி, நோகுதுடி” என்றாள். நிறுத்த முடியவில்லை.