காட்டாமல் விட்ட ஐந்தாவது சுற்று

பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுவது அந்த அம்மாளின் தொழில். முதலாளி முதல் சரக்கேற்றும் வண்டிக்காரர் வரை அனைவரும் அவரை 'மாஸ்டரம்மா' என்றே அழைத்தனர். கட்டிங் மாஸ்டர் என்றால் ஆண்தான் என்றிருந்த பட்டறையில், கணவர் காலமான பின் அவர் துணி வெட்டிய மேசைக்கே போய் நின்றவர் இவர். துணியை விரித்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிட மாட்டார். அளவு அட்டைகளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்ப்பார். எந்த மூலையில் ஒரு காலர் ஒளிந்திருக்கிறது என்று தேடுவார். அந்தத் தேடும் புத்தி மேசையோடு நிற்பதில்லை. எதிர்வீட்டுக் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கினால், அதன் காரணம் தெரியும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகன் வாய் திறவாதவனாக வளர்ந்தான். வகுப்பில் எழுந்து நின்றால் மோவாய் மார்பில் இறங்கும்; கட்டைவிரல் முஷ்டிக்குள் ஒளிந்துகொள்ளும்; அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். ஊமைக்கோட்டான் என்று தொடங்கிய கேலி தேய்ந்து, உறவினரிடையே 'கோட்டான்' என்பதே அவன் பெயராயிற்று. அந்தக் கோட்டான்தான், பெருநகரத்துச் சுற்றுலா நிறுவனம் ஒன்றில் வழிகாட்டியாகச் சேர்ந்திருப்பதாக ஒருநாள் தொலைபேசியில் தெரிவித்தான். குடும்பமே சிரித்தது. மாஸ்டரம்மாவின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மட்டும் சிரிக்கவில்லை.

"ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. இவன் ஊரைச் சுத்திக் காட்டுறானாம்! அவங்களா துரத்துறதுக்கு முன்னாடி நீயே போய்க் கூட்டிட்டு வந்துடும்மா. என் கடையில ஒரு இடம் காலியா இருக்கு. கண்ணாடியைத் துடைச்சு நீட்டினா போதும், பேசவே வேண்டாம். திங்கட்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

மகனுக்கும் இது தெரியும். "நீங்களே வந்து பார்த்து முடிவு பண்ணுங்கம்மா" என்றிருந்தான். எனவே ஒரு சனிக்கிழமை காலை, முழங்கால் வலிக்காரியான நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தாம் அதுவரை கண்டிராத அந்த நகரத்தில் மாஸ்டரம்மா வந்திறங்கினார். மகனை அங்கே விடுவதா, உடன் அழைத்துப் போவதா? ஞாயிறு இரவு ரயிலேறும் முன் முடிவாக வேண்டியது அது ஒன்றுதான்.

மகன் எடுத்துக் கொடுத்த விடுதி அறையில் இரண்டு கட்டில்கள், குழாய்கள் இறங்கும் பின்சுவரைப் பார்த்த ஒரு சன்னல், சுற்றும்போதெல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல் ஒலிக்கும் ஒரு மின்விசிறி. கட்டில்மீது அவன் நிறுவனத்தின் வண்ணத் தாள்களைப் பரப்பினான்.

"இருக்கிறது ரெண்டு நாள்தானேம்மா. இன்னிக்கு மத்தியானம் படகு. நாளைக்குக் காலையில அருங்காட்சியகம், ஏசி பஸ். மத்தியானம் தாவரத் தோட்டம். விளக்கு அலங்காரம் வேணும்னா இன்னிக்குச் சாயங்காலம் பார்த்துடலாம்."

மாஸ்டரம்மா தாள்களை அளவு அட்டைகளைப் போல நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். துணி குறைவு, வெட்டவேண்டிய உருப்படி அதிகம். இதுபோன்ற கணக்கு அவருக்குப் புதிதன்று. ஒரு தாளைத் திருப்பினார்.

"பின்னாடி அஞ்சு சுத்து போட்டிருக்கு. இங்கே நாலுதானே இருக்கு?"

"அது நடைச் சுத்தும்மா. பழைய தெருவெல்லாம் நடந்தே பார்க்கணும். அத்தைக்கு முட்டி வலி..."

"அதுக்கு யார் வழிகாட்டி?"

மகன் சன்னலைப் பார்த்தான். "நான்தான்."

"நல்லா இருக்குடா!" என்றார் நாத்தனார், காலை நீவிக்கொண்டே. "தன் கடையை மட்டும் விட்டுட்டு, ஊர்ல இருக்கிற மத்த கடைக்கெல்லாம் வழி சொல்ற வியாபாரியை இப்பத்தான் பார்க்கிறேன்."

"அதுக்கில்ல அத்தை. மழை வர்ற மாதிரி இருக்கு."

வானம் துடைத்துவைத்த தட்டுபோல் இருந்தது.

அன்று பிற்பகல் படகில் சென்றனர். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஒன்று பாலங்களின் வயதைச் சொல்லிக்கொண்டே வந்தது. நாத்தனாருக்குக் காற்று பிடித்திருந்தது. மாஸ்டரம்மாவோ பாலம் எதையும் பார்க்கவில்லை. கரையோரத்துத் தெருவில், உயர்த்திப் பிடித்த ஒரு சிவப்புக் குடையின் பின்னால் சிறு கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. குடை பிடித்த உருவம் தம் மகன்தான் என்பது நடையில் தெரிந்தது. அதன் வாய் அசைகிறதா என்பதுதான் தெரியவில்லை. படகு வளைவில் திரும்பும்வரை கழுத்து நோகப் பார்த்தார்.

"அண்ணி, அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அதைத்தான் நானும் தேடுறேன்."

ஞாயிறு காலை, அருங்காட்சியகப் பேருந்தில் ஏறுவதற்குப் பதிலாக, சதுக்கத்தின் மூலையிலிருந்த நிறுவனத்தின் சீட்டுக் கூண்டுக்கு நாத்தனாரை நடத்திச் சென்றார்.

"இதை மாத்திட்டு நடைச் சுத்துக்கு ரெண்டு குடுங்க."

"தாராளமாம்மா," என்றார் சீட்டு விற்பவர். "ஆனா முன்னாடியே சொல்லிடுறேன். அந்த வழிகாட்டிக்கு நாங்க வெச்ச பேரு ரேடியோ. அணைக்கிற பொத்தானே கிடையாது."

மாஸ்டரம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "ஒல்லியா இருப்பானே, இடது புருவத்துல தழும்பு?"

"அவனேதான்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "முட்டி போனாப் போகட்டும் அண்ணி, வாங்க," என்றார் நாத்தனார்.

கூட்டத்தின் கடைசியில், ஒரே குடையை முகம்வரை தாழ்த்திப் பிடித்து நின்றனர். முன்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. தெளிவான குரல்; எங்கே நிறுத்தினால் கேட்பவர் தலையை நீட்டுவர் என்று அறிந்த குரல். மாஸ்டரம்மா குடையின் விளிம்பை விரலளவு உயர்த்தினார். இதைத்தானா இவன் ஒளித்தான்? ஏன்?

இரண்டு வாசல்கள் கொண்ட மஞ்சள் வீட்டின் முன் விடை கிடைத்தது.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு அண்ணன், ஒரு தம்பி. சண்டை போட்டு நடுவுல சுவர் எழுப்பிட்டாங்க. பேச்சே கிடையாது. ஆனா வீட்டுக்கு வர்றது ஒரே பத்திரிகை. தினமும் காலையில அண்ணன் தொண்டை கிழியப் படிப்பார். தம்பி சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. தம்பி சுவரைத் தட்டி, 'நேத்து அந்த வழக்குல தீர்ப்பு என்ன ஆச்சு?'ன்னார். ஏழு வருஷம் கழிச்சுப் பேசின முதல் வார்த்தை அதுதான்."

கூட்டம் சிரித்தது. மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. அது நடந்தது இங்கேயன்று, அவருடைய ஊரில்; அந்த அண்ணன் அவருடைய தந்தை. தம்பி அவருடைய சித்தப்பா. நாள்தோறும் அந்தப் பத்திரிகையை வாசலிலிருந்து எடுத்து வந்தவர் அவரே.

அடுத்தது ஒரு கல் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் வழக்கத்தில் பாதி உயரமே இருந்தது. "இதைக் கட்டினவரோட மனைவி ரொம்பக் குள்ளம். கொத்தனார் அளவெடுக்க வந்தப்போ, 'என் காலை அளக்காதே, அவ காலை அள'ன்னு சொல்லிட்டார். அன்னியிலேர்ந்து வீட்டுக்கு வர்ற விருந்தாளி எல்லாம் தடுக்கி..."

"அடப்பாவி!" என்று நாத்தனார் தம்மை மறந்து கூவினார். "இது எங்க அப்பா கட்டின படிடா!"

குடை விலகியது. மகன் அவர்களைக் கண்டான். அந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் நின்ற தடித்த கண்ணாடி போட்ட பெரியவர் கேட்டார்: "தம்பி, இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

மகனின் மோவாய் மெல்ல இறங்கியது. கட்டைவிரல் முஷ்டிக்குள் போயிற்று. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நேரே ரயிலடிக்குப் போய்விடலாமா என்றுகூட மாஸ்டரம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் அவர் அறியாத யாரையோ கேட்பதுபோல் கேட்டார்:

"ஏங்க தம்பி, நீங்க சொன்னது நடந்ததுதானே?"

"...நடந்ததுதான்."

"எங்கே நடந்துச்சு?"

"எங்க வீட்டுல."

"அப்போ இந்தப் படி ஏன் தாழ்வா இருக்கு?" என்று பெரியவர் விடவில்லை.

"தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. எங்க கம்பெனி குடுத்த தாள்ல 'பழைய படிக்கட்டு'ன்னு ரெண்டு வார்த்தைதான் இருக்கு. எங்க வீட்டுப் படி ஏன் தாழ்வுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"காசு வாங்கிக்கிட்டு வீட்டுக் கதையா சொல்றே!" என்று பெரியவர் முணுமுணுத்தார். எனினும் அந்தப் படிகளில் முதலில் ஏறிப் பார்த்தவரும் அவரே.

அதன்பின் மகனின் குரல் சுருங்கிவிட்டது. கடைசி நிறுத்தமான சாம்பல் நிற வீட்டின் முன், "இங்கே முன்னாடி ஒரு தையற்கடை இருந்தது. அவ்வளவுதான்" என்று சொல்லிக் குடையை மடக்கினான்.

சீட்டுக் கூண்டருகே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தனர்.

"முதல் வாரம் தாள்ல இருந்ததைத்தாம்மா சொன்னேன். கால் மணி நேரத்துல தீர்ந்துபோச்சு. மிச்ச நேரம் எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க. அந்தப் படிக்கிட்ட வந்தப்போ தாத்தா கதை தானா வாயில வந்துச்சு. சிரிச்சாங்க. அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியலை." அவன் குடையின் நுனியால் தரையில் கோடு கிழித்தான். "நீங்க வந்தா முதல் வீட்டுலயே கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் மறைச்சேன். இப்போ பார்த்தீங்கல்ல, வாய் கட்டிப்போச்சு. மாமா கடைக்கே வந்துடுறேம்மா."

மாஸ்டரம்மா பதில் சொல்வதற்குள் கூண்டிலிருந்து சீட்டு விற்பவரின் தலை நீண்டது. "கடைசி வீட்டுக் கதை எப்படிம்மா இருந்துச்சு? அதுக்காகவே ரெண்டாம் தடவை சீட்டு வாங்குறவங்க இருக்காங்க."

மாஸ்டரம்மா மகனைப் பார்த்தார். "அங்கே கதை ஒண்ணும் இல்லைன்னியே?"

மகன் தரையில் கிழித்த கோட்டையே மறுபடி கிழித்தான்.

"மத்தியானம் இன்னொரு சுத்து இருக்கா?"

"இருக்கு. ஆனா வேண்டாம்மா, அது..."

"அதைக் கேட்டுட்டுத்தான் மாமாவுக்குப் பதில் சொல்லுவேன். சீட்டு எடு."

"ஒண்ணு போதும்," என்றார் நாத்தனார், பெஞ்சில் காலை நீட்டியவாறு. "எனக்கு இனிமே இந்தப் பெஞ்சுதான் ஊரு."

பிற்பகலில் மாஸ்டரம்மா முன்வரிசையில், குடையின்றி நின்றார். மஞ்சள் வீட்டின் முன் மகன் ஒருமுறை இருமினான். "இந்த ரெண்டு வாசலுக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. எங்க குடும்பத்துல இப்படி ஒரு வீடு இருந்துச்சு" என்று தொடங்கினான். தொடக்கத்தில் தடுமாறிய பேச்சு, பத்திரிகை வந்து சேர்ந்த இடத்தில் நேராயிற்று. சிரிப்பு காலையைவிடக் குறையவில்லை. ஒரு பெண், "எங்க வீட்டுலயும் இப்படித்தான், ஆனா அக்கா தங்கச்சி" என்று இடையில் புகுந்தாள். அவளைப் பேசவிட்டு, அவள் முடித்த இடத்திலிருந்து அவன் தொடர்ந்தான்.

சாம்பல் வீட்டின் முன் வந்து நின்றனர். அவன் தாயைப் பார்க்காமல் மேல்மாடிச் சன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"இங்கே தையற்கடை இருந்துச்சு. இனி சொல்றது எங்க வீட்டுக் கதை. ஒரு அம்மா. புருஷன் போயிட்டார். அவர் பார்த்த துணி வெட்டுற வேலைக்கு அந்த அம்மாவே போனாங்க. முதல் நாள். ஒரு வகுப்புப் பிள்ளைங்க மொத்தத்துக்கும் கால்சட்டை. துணிக்கு நல்ல பக்கம், உள்பக்கம்னு ரெண்டு உண்டு. ஒரு காலை வெட்டினா, அடுத்த காலுக்கு அட்டையைத் திருப்பிப் போடணும். மறந்துட்டாங்க. அடுக்கு முழுக்க இடது கால்."

சிரிப்பு எழுந்தது.

"முதலாளி வந்து, 'யார் வெட்டினது?'ன்னார். எல்லாரும் அவங்கவங்க மெஷினைப் பார்த்துக்கிட்டாங்க. அந்த அம்மா, 'நான்தான். இதே துணி இன்னும் இவ்வளவு குடுங்க, மொத்தமும் வலது காலா வெட்டித் தர்றேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் இதே நிறம்தானே, அதுக்கும் சேர்த்து ஆச்சு'ன்னாங்க. முதலாளிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வேலை நிலைச்சுப்போச்சு. வீட்டுக்கு வந்தாங்க. கதவைச் சாத்திக்கிட்டு அழுதாங்க."

"அழலை," என்றார் மாஸ்டரம்மா.

அனைவரும் திரும்பினர். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவருக்குத் தோன்றியது. மகனின் மோவாயைப் பார்த்தார். அது இறங்கவில்லை.

"அழலைன்னு இவங்க சொல்றாங்க," என்றான் அவன், கூட்டத்தைப் பார்த்து. "சொல்ல உரிமை இருக்கு, அந்த அம்மாவே இவங்கதான். ஆனா கதவுக்கு வெளியில உட்கார்ந்திருந்தவன் நான். எங்க வீட்டுக் கதவு ரொம்ப மெல்லிசுங்க."

சிரிப்பு சற்றுத் தாமதித்து வந்தது. ஒருத்தி மாஸ்டரம்மாவின் தோளருகே குனிந்து, "நிஜமாவாம்மா?" என்றாள்.

"கால்சட்டை நிஜம்," என்றார் அவர்.

கூட்டத்தினர் மகனைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினர். மாஸ்டரம்மா இரண்டு வீடு தள்ளி, சுவரோரம் போய் நின்று அண்ணனை அழைத்தார்.

"அண்ணா, கடைக்கு வேற ஆளைப் போட்டுக்கோங்க."

"ஏன்? அங்கே வாயைத் திறக்கிறானா?"

அவர் தொலைபேசியைக் கூட்டத்தின் பக்கமாக நீட்டிப் பிடித்தார். யாரோ கேட்டதற்கு, இடது கால்களும் வலது கால்களும் எப்படி ஒன்றுசேர்ந்தன என்று மகன் கைகளை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். நெடுநேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு மீண்டும் காதில் வைத்தார். மறுமுனையில் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல் நாள் உன்னைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனது நான்தானே? அதைச் சொன்னானா?"

"இல்லைண்ணா."

"சொல்லச் சொல்லு."