ஆமிக் காசில் ஒரு படிப்பு

விக்னராஜாவைக் குழப்புவது வெகு சுலபம். 1988இல் சிட்னிக்கு வந்து மெரிலேண்ட்ஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தபோது, மார்கழியில் இப்படி வெயில் எரிக்கிறதே, கலண்டர் பிழையோ என்று கேட்டவன் அவன். பிறகு பஸ் ஓட்டினான், சந்திரகலாவைக் கட்டினான், பிளாக்டவுனில் வீடு வாங்கினான். குழப்பம் மட்டும் கூடவே வந்தது.

2008இல் அவன் மகள் ஆரணிக்குப் பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தது. ஃபீஸைக் கேட்டதும் இவன் ஞாயிறும் பஸ் ஓட்டத் தொடங்கினான். அடுத்த வருஷம் அவளே ஒரு வழி கண்டுபிடித்து வந்தாள். மிச்சப் படிப்புக்கு இந்த நாட்டுப் பட்டாளம், அதாவது ஆமி, காசு கட்டும், சம்பளமும் தரும். படித்து முடித்ததும் சில வருஷம் ஆமியில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

"மச்சான், ஆமிக்காரன் ஏன்ரா எங்கட பிள்ளையைப் படிப்பிக்கிறான்? எங்கேயோ சுத்துமாத்து இருக்கு" என்றான் என்னிடம்.

"பட்டாளத்துக்கும் பல் வலிக்குமடா" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் அவனுடைய தம்பியைச் சந்தியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது அங்கத்தைய ஆமி. பிறகு தம்பி வரவேயில்லை. இது தெரிந்தும் நான் பகிடி விட்டது எனக்கே பிடிக்கவில்லை.

"அப்பா, திஸ் இஸ் நொட் தட் ஆமி" என்று ஆரணி பொறுமையாகத்தான் சொன்னாள். ஆனாலும் அப்பா ஓம் என்று சொல்லாமல் சேரமாட்டேன் என்றுவிட்டாள். இவன் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குள் ஆமியில் சேருகிற சத்தியப்பிரமாண நாளும் வந்துவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு பரமட்டாவுக்குக் கிளம்பினான்.

மண்டப வாசலில் யூனிபோம் போட்ட ஒரு பெரிய அதிகாரி சிரித்த முகத்தோடு கையை நீட்டினார். விக்னா சட்டைப்பையைத் துழாவி, தன் லைசென்ஸை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஆரணியின் முகம் சிவந்துவிட்டது.

"ஏன் அப்பா? ஹி ஜஸ்ட் வோன்டட் டு ஷேக் ஹான்ட்ஸ்."

"ஆமிக்காரன் கையை நீட்டினால் ஐடென்ரி காட்டைக் குடுத்துத்தான் பழக்கம், பிள்ளை. குடுக்காட்டி விடமாட்டாங்கள்."

உள்ளே அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

"அப்பா, நான் போகட்டோ?"

விக்னா அந்த யூனிபோமைப் பார்த்தான். மகளைப் பார்த்தான்.

"ஓம், போயிட்டு வா" என்றான்.

அவள் உள்ளே போனதும் என் கையைப் பிடித்தான்.

"மச்சான், நான் சொன்னது சரியோ?"

அவன் மற்றக் கையில் இன்னும் பிடித்திருந்த லைசென்ஸை வாங்கி, அவனுடைய சட்டைப்பையில் வைத்தேன்.