தாங்கும்

எந்த வேலையிலும் நிலைக்காத நான் கப்பலூரில் சில மாதம் லாரி கிளீனராக இருந்தேன். அங்கே வீட்டு வாசலிலேயே லாரி டயர் மாட்டித் தரும் ஒருவர் இருந்தார். அவருடைய இடது தாடை உள்ளே போயிருக்கும். டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ரிங்கைச் சுத்தியலால் தட்டி, விரிசல் சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்ட பிறகுதான் மாட்டுவார். முன்பு எங்கள் முதலாளி "அதெல்லாம் தாங்கும், மாட்டுடா" என்று அவசரப்படுத்திய பழைய ரிங், காற்றடிக்கும்போது தெறித்துத்தான் அந்தத் தாடை போனது.

அதே முதலாளி ஒருநாள், லோடு ஏற்றிய வண்டி டயர் பஞ்சராகி நிற்க, வேறு ஆள் கிடைக்காமல் அவரிடமே சக்கரத்தை இறக்கினார். அவர் வழக்கம்போல் தட்டிக் கேட்டு மாட்டினார். பிறகு சக்கரத்துக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. காத்தடிக்கப் போறேன்."

"எதுக்குப்பா? ரிங் தாங்கும்ல?"

"அத நீங்கதான சொல்லணும். உக்காந்தாத்தான் அடிப்பேன்."

முதலாளி உட்கார்ந்தார். காற்று ஏற ஏற ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசியில் வேட்டி நனைந்துவிட்டது.

கிளம்பும்போது நான் மெதுவாகக் கேட்டேன். "ரிங் நல்லாத்தானண்ணே இருந்துச்சு?"

"நல்ல ரிங்தான் மாப்ள. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதுல்ல."

நம்பினேன். ஆனால் காற்றடித்தபோது அவர் என்னையும் இழுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால்தான் நின்றார்.